வார்டிலிருந்து ஏஆர்டி கிளினிக் வரை: விட்டுப்போன எச்.ஐ.வி. சிகிச்சையை மீண்டும் தொடங்க முழுமையான வழிகாட்டி

எச்.ஐ.வி. மாத்திரையை இடையில் விட்டவர்கள் பெரும்பாலும் மீண்டும் கண்ணில் படுவது மருத்துவமனை வார்டில்தான். காசநோய், நிமோனியா, மூளைக்காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு என்று ஏதோ ஒன்று அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கிறது. வந்த நோய்க்கு வைத்தியம் நடக்கிறது, டிஸ்சார்ஜ் ஆகிறார்கள். எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துச் சிகிச்சையான ஏஆர்டி மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கிறது. சில மாதங்களில் அதே ஆள், இன்னும் மெலிந்து, அதே வார்டுக்கு வருகிறார்.

நகரத்தில் வசதியில்லாத நோயாளிகளிடம் இதை அதிகம் பார்க்கலாம்: நிலையான தங்குமிடம் இல்லாதவர், தினக்கூலிக்காரர், குடியிலோ போதை ஊசியிலோ மாட்டிக்கொண்டவர், வீட்டுக்குத் தெரியாமல் நோயை மறைத்து வாழ்பவர். இவர்களோடு நின்று வேலை செய்யும் நர்ஸ், கவுன்சலர், சமூகப் பணியாளர், தன்னார்வலர், விஷயம் தெரிந்த உறவினர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மீதியை எல்லாம் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்தாக வேண்டும்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் வரிசையில்தான். முதல் நாளே அறிவுரை சொல்லிவிடுவார்கள், கடைசி நாளில் அவசரமாக ஒரு சீட்டைக் கையில் திணிப்பார்கள். கீழே உள்ள வரிசைக்குக் காரணம் இருக்கிறது. முடிந்தவரை மாற்றாதீர்கள்.

1. வார்டுக்குள் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

நோயாளி போக வேண்டிய ஏஆர்டி கிளினிக் எது, எந்தெந்த நாள் திறந்திருக்கும், முதல் முறை வருபவரிடம் என்ன காகிதம் கேட்பார்கள், வேறு கிளினிக்கில் பதிவு இருந்தால் மாற்றுக் கடிதம் வேண்டுமா என்று முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். அங்கே வேலை செய்யும் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "எங்கே போகணும், யாரைப் பார்க்கணும்?" என்பதுதான் நோயாளி முதலில் கேட்பது. அதற்கு "விசாரிச்சுச் சொல்றேன்" என்று பதில் சொன்னால், இவரும் இன்னொரு அலையவிடும் ஆள் என்றுதான் நினைப்பார்.

அதே போல, வார்டில் டிஸ்சார்ஜ் எப்போது முடிவாகிறது, யார் எழுதுகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல இடங்களில் காலை ரவுண்ட்ஸில் முடிவாகி மதியத்துக்குள் படுக்கை காலியாகிவிடும். உங்கள் வேலைக்கு அந்தச் சில மணி நேரம் போதாது.

2. முதல் பேச்சு: தனி இடம், அப்புறம் ஒரே ஒரு கேள்வி

படுக்கை ஓரத்தில் நின்று எச்.ஐ.வி. என்ற சொல்லைச் சொல்லாதீர்கள். பக்கத்துப் படுக்கைக்காரரும் அவரைப் பார்க்க வந்தவர்களும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். நடக்க முடிந்த நோயாளியை வராந்தாவுக்கோ கவுன்சலிங் அறைக்கோ கூட்டிப்போங்கள். முடியாதவரிடம் பார்வையாளர் நேரம் முடிந்தபின், குரலைத் தாழ்த்தி, "அந்த மாத்திரை" என்று சொன்னாலே போதும், அவருக்குப் புரியும்.

முதலில் கேட்க வேண்டியது இது: "உங்க உடம்பு விஷயம் யார் யாருக்குத் தெரியும்? யாருக்குத் தெரியவே கூடாது?" பதிலை அப்படியே மனதில் பதித்துக்கொண்டு, கூட வேலை செய்பவர்களுக்கும் சொல்லிவையுங்கள். மனைவிக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது என்று இருக்கும். துணைக்கு இருப்பவரோ அந்த அண்ணனாகவே இருப்பார். இது தெரியாமல் அவர் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்துவிட்டால், அந்த நோயாளி உங்களிடமும் வர மாட்டார், கிளினிக்குக்கும் போக மாட்டார்.

கட்டில் முனையில் தொங்கும் கேஸ் ஷீட்டையும் ஒரு முறை பாருங்கள். மேல் பக்கத்திலேயே பெரிதாக நோயின் பெயர் எழுதியிருந்தால், உள்ளே மாற்றச் சொல்லி நர்ஸிடம் கேளுங்கள். நீங்கள் அதைச் செய்வதை நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்தவரை, ஒரு மணி நேரக் கவுன்சலிங்கை விட அதுதான் அவர் வாயைத் திறக்க வைக்கிறது.

3. குடி, போதைப் பழக்கம்: முதல் நாளிலேயே மருத்துவர் காதில் போடுங்கள்

பலர் இதை நாகரிகம் கருதித் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட்டால் ஆளே இருக்க மாட்டார். தினமும் குடித்தவருக்குக் குடி நின்றதும் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். இரண்டு மூன்று நாளில் அது குழப்பமும் வலிப்புமாக முற்றவும் கூடும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைப் பழக்கம் உள்ளவருக்கு உடம்பு முறிக்கும் வலியும் வாந்தியும் வரும். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வார்டை விட்டுக் கிளம்புகிறார்கள். வெளியே பார்ப்பவர்களுக்கு அது திமிராகத் தெரிகிறது. உண்மையில் அது வைத்தியம் பார்க்கப்படாத ஒரு நோய்.

இன்னொரு விஷயம் அடிக்கடி தவறிப்போகிறது. ஓபியாய்டு பழக்கத்துக்கான மாற்று மருந்தாக மெத்தடோன் எடுப்பவருக்குக் காசநோய்க்காக ரிஃபாம்பிசின் தொடங்கினால், அது ரத்தத்தில் மெத்தடோன் அளவை நன்றாகக் குறைத்துவிடும். பழைய அளவு திடீரென்று போதாமல் போய், நோயாளி தவிக்க ஆரம்பிப்பார். அளவை உயர்த்த வேண்டும் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். பழைய எச்.ஐ.வி. மருந்தான எஃபவிரென்ஸும் இதே வேலையைச் செய்யும். இப்போது தரப்படும் டொலுடெக்ராவிர் அப்படிச் செய்வதில்லை.

4. ஏன் விட்டுப்போனது? பொறுமையாகக் கேட்க வேண்டிய இடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

"மாத்திரையை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். திட்டு வாங்கிப் பழகியவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? "நிறைய பேருக்கு நடுவுல விட்டுப்போகும். உங்களுக்குக் கடைசியா எப்ப விட்டுப்போச்சு? அப்ப என்ன நடந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏன் விட்டீங்க?" என்பதை விட "அப்ப என்ன நடந்துச்சு?" என்பதற்கு உண்மையான பதில் வரும். அது அவரைக் கூண்டில் ஏற்றுவதில்லை.

பதில்கள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

"சாப்பாடு கிடைக்கலை, வெறும் வயித்துல போட வேண்டாம்னு விட்டுட்டேன்." தினக்கூலிக்காரர்களிடம் இதை அடிக்கடி கேட்கலாம். டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். இதைத் தெளிவாகச் சொன்னாலே சிலருக்குத் தடை அங்கேயே தீர்ந்துவிடும். ரில்பிவிரின் உள்ள மாத்திரையை மட்டும் உணவோடுதான் போட வேண்டும். அதனால் எந்த மாத்திரை என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

"குடிச்ச அன்னிக்குப் போட மாட்டேன், ரெண்டும் சேர்ந்தா விஷம்னு சொன்னாங்க." இந்த நம்பிக்கை ஆழமாக ஓடுகிறது. சில இடங்களில் கவுன்சலர்களே "குடிச்சா மாத்திரை வேலை செய்யாது" என்று பயமுறுத்தி இதை வளர்த்துவிட்டார்கள். தினமும் குடிப்பவர் தினமும் மாத்திரையை விடுகிறார் என்றுதான் இதற்கு அர்த்தம். குடித்த நாளிலும் மாத்திரை போட வேண்டும் என்று நேரடியாகச் சொல்லுங்கள். குடியை விடுவது வேறு வேலை, அதற்குத் தனியாக உதவுங்கள்.

"அந்த மாத்திரை போட்டா தலை சுத்துது, கெட்ட கனவா வருது." இது எஃபவிரென்ஸின் வேலையாக இருக்கலாம். இன்னும் பழைய நோயாளிகளுக்கு ஸ்டாவுடின் தந்த கன்னம் ஒட்டிய முகம் நினைவில் இருக்கும். ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே சொல்லிவிட்டது. 2019 முதல் டொலுடெக்ராவிர்தான் அந்த நிறுவனத்தின் முதல் தேர்வு. "இப்ப தர்றது அந்த மாத்திரை இல்லை" என்று சொல்லி இரண்டின் பெயரையும் காட்டுங்கள். பழைய மருந்தின் மீதுள்ள பயத்தை வைத்துக்கொண்டு புதிய மருந்தை யாரும் தொடர மாட்டார்கள்.

"வேலைக்கு லீவு போட்டா அன்னிக்குக் கூலி இல்லை." இவரிடம் மருந்தின் அருமையைப் பேசிப் பயனில்லை. கிளினிக் நேரம், எத்தனை மாத மருந்து ஒரே தடவையில் கிடைக்கும் என்ற இரண்டையும் மாற்றினால்தான் வருவார். சிகிச்சையில் நிலைத்தவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத மருந்தை ஒரே முறையில் தரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உடனே கிடைக்காவிட்டாலும், எப்போது கிடைக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள்.

"டப்பாவைப் பார்த்துட்டாங்க." அறையைப் பகிர்ந்து தங்குபவருக்கு மாத்திரை டப்பாவின் சத்தமே எதிரி. பையில் குலுங்கும். பலர் மாத்திரையை எல்லாம் காகிதத்தில் கொட்டி மடித்து வைத்துக்கொள்வார்கள், ஈரம் பட்டுக் கெட்டுப்போகும். டப்பாவை ஈரம் உறிஞ்சும் சின்னப் பையோடு பாதுகாப்பான இடத்தில் வைத்துவிட்டு, சில நாளுக்கு வேண்டியதை மட்டும் இறுக மூடும் சிறு டப்பியில் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பெரிய டப்பாவுக்குள் கொஞ்சம் பஞ்சை அடைத்தால் குலுங்காது.

"கிளினிக்ல எல்லார் முன்னாடியும் திட்டினாங்க." இதைச் சொல்லும்போது மறுத்துப் பேசாதீர்கள், கிளினிக் பக்கம் நின்று விளக்கம் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டு, "இந்தத் தடவை நான் கூட வர்றேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.

"உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு." சரி, இவருக்கு மட்டும்தான் நோயைப் பற்றிய விளக்கம் தேவை. மாத்திரை நின்றால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகிவிடும். உடம்பில் தெரிய மாதங்களோ வருடங்களோ ஆகும்.

5. தொடங்கும் முன் என்னென்ன பரிசோதனை

நோய் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களின் கணக்கான சிடி4 எண்ணிக்கையை வார்டில் இருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள். "வெளியே போய் எடுத்துக்கலாம்" என்று விட்டால் எடுக்க மாட்டார். சிடி4 200-க்குக் கீழே இருந்தால் அது முற்றிய நிலை. அப்போது காசநோய்க்கான பரிசோதனையும், கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்கான ரத்தப் பரிசோதனையும் அவசியம், பிந்தையது குறிப்பாக 100-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு. சளி எடுக்க முடியாத அளவுக்குப் பலவீனமானவரிடம் காசநோயைக் கண்டறியச் சிறுநீரில் செய்யும் எல்ஏஎம் சோதனை உதவும். மற்றத் தொற்றுகளைத் தடுக்கத் தரும் சல்பா மருந்தான கோ-ட்ரைமாக்சசோல் தொடங்கியாயிற்றா என்றும் கேளுங்கள். சல்பா மருந்து ஒவ்வாமை உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனையை மறப்பவர்கள் அதிகம். டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் அடக்குகின்றன. அந்தத் தொற்று உள்ளவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் அழற்சி கடுமையாகத் திரும்பலாம். இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை நோயாளிக்கு இருக்கிறது.

பழைய மாத்திரையின் பெயர் தெரியவில்லை என்றால் நிறம், வடிவம், ஒரு நாளைக்கு எத்தனை என்று கேட்டுக் குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். பழைய டப்பா இருந்தால் இன்னும் நல்லது.

6. எப்போது தொடங்குவது: இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது

ஒரு பக்கம், "முதலில் இந்த நோய் குணமாகட்டும்" என்று மாதக்கணக்கில் தள்ளுகிறார்கள். மறுபக்கம், எல்லாருக்கும் அன்றைக்கே தொடங்க வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். நோயாளி தயாராக இருந்து தடையேதும் இல்லாவிட்டால் அதே நாளில்கூடத் தொடங்கலாம் என்பது 2017 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாதாரண காசநோய் என்றால், அதற்கான மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் ஏஆர்டியும் தொடங்க வேண்டும்.

விதிவிலக்கு மூளை. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் என்றால் பூஞ்சை மருந்து தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் குறைந்தது நான்கு வாரமாவது காத்திருக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் எதிர்ப்புச் சக்தி திடீரென்று விழித்து மூளையில் வீக்கத்தைக் கூட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் தீராத தலைவலி, கழுத்து விறைப்பு, பார்வை மங்கல் இருக்கிறதா என்று நீங்களும் ஒரு முறை கேட்டு, இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் ஆள் தொலைந்துபோவார். "நாலு வாரம் கழிச்சு வாங்க" என்று அனுப்புவதை விட, இடையில் வாரம் ஒரு முறை ஏதாவது ஒரு காரணத்துக்காகச் சந்திப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

7. டிஸ்சார்ஜ்: கையில் மாத்திரை இல்லாமல் யாரும் போகக் கூடாது

ஏஆர்டி தொடங்கிவிட்டவர் என்றால் அடுத்த கிளினிக் நாள் வரைக்கும், அதற்கு மேல் இரண்டு வாரத்துக்கும் மருந்து கையில் இருக்க வேண்டும். சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சீட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவில் பேருந்துக் கட்டணம், வரிசை, மூடியிருக்கும் கவுன்ட்டர், பசி எல்லாம் இருக்கின்றன.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் ஏஆர்டி மருந்துகளின் பெயர், தொடங்கிய தேதி, சிடி4 எண்ணிக்கை, காசநோய் மருந்து விவரம் எல்லாம் இருக்க வேண்டும். அதே காகிதம் வீட்டில் யார் கண்ணிலும் படலாம். ஆகவே கிளினிக்குக்கான விவரத்தை ஒட்டிய உறையில் தனியாகத் தரக் கேளுங்கள். நோயாளி சம்மதித்தால் ஒரு நகலை நீங்களே கிளினிக்கில் கொடுத்துவிடலாம். கையில் கொடுத்த காகிதம் மழையில் நனையும், தெருவில் தூங்கும்போது பையோடு திருட்டுப்போகும்.

தொலைபேசி எண் வாங்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அந்த எண் யாருடையது, யார் எடுப்பார்கள், எடுத்தால் நீங்கள் யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். போன் இல்லாதவரிடம், பகலில் எங்கே இருப்பார், இரவில் எங்கே படுப்பார், அவரை நம்பிக்கையாகக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் யார் என்று கேட்டு, தேடிவர அவரிடமே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் தேடிப்போவது அவரைக் காட்டிக்கொடுப்பதாகிவிடும்.

கிளம்புவதற்கு முன் மாத்திரை நேரத்தை அவர் வாழ்க்கையோடு சேர்த்து முடிவு செய்யுங்கள். இரவுக் காவல் வேலை பார்ப்பவரிடம் "ராத்திரி ஒன்பது மணி" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வேலை முடிந்து வந்து முகம் கழுவும் நேரம் அவருக்குச் சரியாக இருக்கலாம். மறந்துபோனால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். டொலுடெக்ராவிர் என்றால், அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

8. முதல் கிளினிக் நாள்: கூடவே போங்கள்

முடிந்தால் டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள் இது நடக்கட்டும். உடம்பு தேறத் தேற, வேலைக்குத் திரும்ப வேண்டிய நெருக்கடி கூடிக்கொண்டே போகும்.

வாசலில் காத்திருக்கிறேன் என்று சொல்லி அங்கே நில்லுங்கள். உள்ளே அவர் சார்பில் நீங்கள் பேசாதீர்கள், அவர் திணறும் இடத்தில் மட்டும் உதவுங்கள். பதிவு எங்கே, ரத்தம் எங்கே, மருந்து எங்கே என்று ஒரு முறை சேர்ந்து நடந்துவிட்டால் அடுத்த தடவை தனியாக வருவார். அமெரிக்காவில் ஆர்ட்டஸ் என்ற ஆய்வு 2005-இல் வெளியானது. சில சந்திப்புகளோடு முடியும் குறுகிய காலத் துணையே, ஆறு மாதத்துக்குள் மருத்துவரைப் பார்த்தவர்களின் விகிதத்தை 60 சதவீதத்திலிருந்து 78 ஆக உயர்த்தியது என்று அதில் தெரிந்தது.

9. முதல் மூன்று மாதம் கவனிக்க வேண்டியவை

ஏஆர்டி தொடங்கிச் சில வாரத்தில் காய்ச்சலோ நெறிக்கட்டு வீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால், எதிர்ப்புச் சக்தி திரும்புவதன் விளைவாகவும் இருக்கலாம், புதிய தொற்றாகவும் இருக்கலாம். நோயாளியோ "இந்த மாத்திரைதான் என்னைக் கெடுக்குது" என்று நினைத்து நிறுத்திவிடுவார். இப்படி நடக்கலாம், நடந்தால் நிறுத்தாமல் நேரே வர வேண்டும் என்று முன்னதாகவே சொல்லுங்கள்.

ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு டொலுடெக்ராவிர் 50 மி.கி. ஒரு நாளைக்கு இரண்டு வேளையாக வேண்டும். கூடுதல் வேளைக்கான மாத்திரையும் தரப்பட்டதா என்று எண்ணிப் பாருங்கள். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரையையும் அலுமினியமோ மெக்னீசியமோ உள்ள அமிலம் குறைக்கும் மருந்தையும் டொலுடெக்ராவிருக்கு இரண்டு மணி நேரம் கழித்தோ ஆறு மணி நேரம் முன்னதாகவோ எடுக்க வேண்டும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்புவது வாடிக்கை என்பதால் இதை வாய்மொழியாகவே சொல்லிவிடுங்கள்.

10. ஆறு மாதமும் அதற்கு அப்புறமும்

ஆறாவது மாதம் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, எடுக்க வேண்டும், பிறகு பன்னிரண்டாவது மாதம், அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை. முடிவை எண்ணாக மட்டும் சொல்லாதீர்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நிலைத்திருந்தால் உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. வீட்டில் சொல்லப் பயந்தவர்கள் பலருக்குச் சொல்லும் துணிவைத் தருவது இந்தச் செய்திதான். ஊசியைப் பகிர்வதற்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எண் 1000-க்கு மேல் இருந்தால் நான்காம் பகுதியின் கேள்விகளை மீண்டும் கேட்டு, மூன்று மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டும்.

உதவியை ஆறாவது மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவின் 11 மருத்துவமனைகளில் 2012 முதல், எச்.ஐ.வி.யும் போதைப் பழக்கமும் உள்ள 801 உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஒரு குழுவுக்கு ஆறு மாதம் வழித்துணையும், இன்னொரு குழுவுக்கு அதோடு பண ஊக்கமும் கொடுத்தார்கள். ஊக்கமும் சேர்ந்த குழு ஆறாவது மாதத்தில் முன்னால் இருந்தது. பன்னிரண்டாவது மாதத்தில் வைரஸ் அடங்கியிருந்தவர்கள் அதில் 38.6 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 34.1 சதவீதம். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. வழித்துணை வீண் என்று நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை. போதைக்கான சிகிச்சையும் தங்குமிடமும் கூடவே வராவிட்டால், துணை விலகியதும் பழைய தடைகள் அப்படியே அங்கே இருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே ஆறு மாதத்துக்குள் அந்த இரண்டில் ஒன்றையாவது நகர்த்த முயலுங்கள். பிறகும் மாதம் ஒரு அழைப்பையாவது தொடருங்கள்.

மறுபடி விட்டுப்போனவரைத் தொடர்புகொள்ளும்போது முதல் பேச்சில் மாத்திரையைப் பற்றிக் கேட்காதீர்கள். "எப்படி இருக்கீங்க? எங்க தங்கியிருக்கீங்க?" என்று தொடங்குங்கள். அவரே "நிறுத்திட்டேங்க" என்று சொல்வார். அப்போது, "பரவாயில்லை, மறுபடி தொடங்கலாம். எந்தக் கிழமை உங்களுக்கு வேலை கம்மி?" என்று கேட்டு, அந்தக் கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள்.